ஆமைக்குப் பலகை நட்டு அடம்பனைப் பிடுங்கிய பிள்ளைகளுக்கு

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் கடற்கரைச் சிரமதானம் செய்யும் தம்பி தங்கச்சிமாருக்கு,

வணக்கம். நேற்றுக் காலை நீங்கள் பிளாஸ்டிக் போத்தலும் அறுந்த வலைத்துண்டும் பொறுக்கியதைப் பார்த்து மனம் நிறைந்தது. அப்புறம் மண்வெட்டி வந்தது. மணல் திட்டியில் படர்ந்திருந்த அடம்பன் கொடியை வெறும் பத்தை என்று செதுக்கிக் குவித்துவிட்டு, அந்த வெட்டையில் ‘ஆமைகளைக் காப்போம்’ என்று பலகை நட்டீர்கள்.

குவியலில் ஒரு கொடியை இழுத்துப் பார்த்தேன். கணுவுக்குக் கணு வேர், வேரெல்லாம் ஈரமணல். முறிந்த இடத்தில் பால் கசிந்தது. விடிய விரிந்த ஊதாப் பூ அப்போதும் வாடவில்லை.

ஆமையும் கொடியும் ஒன்றா என்று கேட்பீர்கள். பங்குனி ஆமை என்ற கடலாமை ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை இடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கும். சூடு கூடினால் பெண். அடம்பன் விதையோ உப்புத் தண்ணீரில் மிதந்துபோய் வேறொரு கரையில் முளைக்கும். இரண்டுமே கடலோடிகள்தான். ஆனால் ஆமை முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். கொடி அங்கேயே கிடந்து மணல் பறக்காமல் பிடிக்கும். பிடிப்பில்லாத மணல் என்ன செய்யும் என்பதற்கு மணற்காட்டில் மணல் மூடிய பழைய தேவாலயமே சாட்சி. நீங்களும் அங்கே செல்ஃபி எடுத்திருப்பீர்கள்.

ஆமைக்கு இலங்கையின் 1937 ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் துணை நிற்கிறது. அடம்பனுக்கு இருப்பது ஒரு பழமொழி. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று மேடையில் முழங்காத பள்ளிக்கூடம் நம்மூரில் உண்டா?

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவள் நான் மட்டுமில்லை. அகநானூற்றின் 160 ஆம் பாட்டில் சூல் ஆமை அடும்புக் கொடி சிதைய இழுத்து, வெண்மணலில் முட்டையை மறைத்துப் புதைக்கிறது. அடும்பு நம் அடம்பன்தான்.

கொடி மிக அடர்ந்தால் வேர் முட்டைக் குழிக்குள் புகுவதும் உண்டு. அதனால் கரையோர வெறும் மணலை ஆமைக்கு விடுங்கள், பின்னால் உள்ள திட்டியைக் கொடிக்கு விடுங்கள்.

குவியலில் பாதி இன்னும் பச்சை. மூன்று நான்கு கணு மணலுக்குள் போகப் புதைத்தால் பிடித்துவிடும். நாளைப் பின்னேரம் வாருங்கள், மண்வெட்டி நானும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
கரையோரத்து அக்கா