இறக்கமும் பயிற்சிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடைப்பயிற்சி பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் எத்தனை அடி, எத்தனை நிமிடம், எவ்வளவு வேகம் என்று விரிவாகச் சொல்கின்றன. இறக்கத்தில் நடப்பதைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஒரே வரிதான்: "முழங்காலுக்குக் கெடுதி, தவிர்க்கவும்." முட்டி வலியோடும் கால் தளர்ச்சியோடும் வருகிறவர்களுக்குப் பயிற்சி சொல்லித்தருவது எங்கள் தொழில். கால் பலம் குறையத் தொடங்கியவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய ஒரு பயிற்சியை இந்த ஒரு வரி பறித்துவிடுகிறது என்பதால் எழுதுகிறோம். இனி இத்தகைய குறிப்பை வெளியிடும்போது எவ்வளவு சரிவு, எத்தனை நிமிடம், எத்தனை நாள் இடைவெளி என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

மேட்டில் ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. கிணற்றுக்குள் வாளியை இறக்கும்போது கயிற்றை ஒரேயடியாக விட்டுவிடாமல் பிடித்துப் பிடித்து விடுகிறோமே, அந்த வேலைதான். நீளும் தசை, சுருங்கும் தசையைவிட அதிக எடையைத் தாங்கும். அதற்குக் குறைவான இழைகளே வேலைக்கு வருகின்றன. ஆகவே வேலை செய்யும் ஒவ்வோர் இழையின் மேலும் விழும் இழுவிசை அதிகம், மொத்தமாக ஆகும் ஆக்ஸிஜன் செலவோ குறைவு. 1952-ல் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதித்தார். மற்றவர் தன் காலைத் தள்ளிவரும் பெடலைத் தடுத்தார். இருவரும் கொடுத்த விசை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் தடுத்தவருக்கு ஆன ஆக்ஸிஜன் செலவு, மிதித்தவருடையதைவிட மிகக் குறைவு.

நடையிலும் இதைப் பார்க்கலாம். சமதளத்தைவிட மிதமான இறக்கத்தில் நடக்கச் சக்தி குறைவாகவே செலவாகிறது. 100 மீட்டர் தூரத்துக்குச் சுமார் 10 மீட்டர் இறங்கும் சரிவில் அந்தச் செலவு மிகக் குறைவு. அதைவிடச் செங்குத்தானால் உடலைத் தடுத்து நிறுத்தும் வேலை கூடி, செலவு மறுபடி ஏறுகிறது.

முதல்முறை இறங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மூச்சு வாங்காது, நாடித்துடிப்பும் பெரிதாக ஏறாது, வியர்வையும் குறைவு. "இது என்ன பிரமாதம்" என்று ஒரு மணி நேரம் இறங்கிவிடுவார்கள். மறுநாள் காலை நாற்காலியில் உட்காரக்கூடக் கைப்பிடியைத் தேடுவார்கள். இறக்கத்தில் கால் எவ்வளவு வேலை செய்தது என்பதை மூச்சையோ, கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பையோ வைத்துக் கணக்கிடவே கூடாது. நிமிடத்தையும் சரிவையும் வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

அந்த வலியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்கிறார்கள். ஏற்றத்தில்தான் அந்த அமிலம் அதிகம் உண்டாகிறது, இறக்கத்தில் குறைவு. வலியோ இறக்கத்துக்குப் பிறகுதான் அதிகம். உண்டாகிற அமிலமும் ஓய்வெடுத்தால் ஓரிரு மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது; வலியோ மறுநாள் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது. பழக்கமில்லாத இழுவிசையால் தசை இழைகளுக்குள் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. அதைச் செப்பனிடும்போது வரும் அழற்சிதான் வலிக்கு முக்கியக் காரணம். ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதுவரை தசையின் பலமும் ஓரளவு குறைந்தே இருக்கும் என்பதை நினைவில் வைத்து, அந்த நாட்களில் கடினமான இறக்கத்துக்குப் போகாமல் இருக்க வேண்டும். சமதளத்தில் மெதுவாக நடக்கலாம்.

இந்த வலிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதே இறக்கத்தை ஓரிரு வாரம் கழித்து இறங்கினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். ஒரே ஒரு முறை செய்தாலே தசை அடுத்த முறைக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும். முதல்முறை செய்வது மிகச் சிறிய அளவாக இருந்தாலும் இந்தப் பயன் கிடைக்கும். ஆகவே நீண்ட மலைப்பயணம் போகிறவர்கள் இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே சிறு இறக்கங்களில் நடந்து பழகிவிட வேண்டும். ஏறிப் பழகினால் மட்டும் போதாது.

பயன் தசையோடு முடிந்துவிடுவதில்லை. ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு காலகட்டம் முழுவதும் மக்கள் ஏறிப்போய் கேபிள் காரில் இறங்கினார்கள். மற்றொரு காலகட்டத்தில் கேபிள் காரில் போய் நடந்து இறங்கினார்கள். ஏற்றம் ரத்தக் கொழுப்பைக் குறைப்பதில் முந்தியது. இறக்கம் சர்க்கரையை உடல் கையாளும் திறனைக் கூட்டியது. தைவானில் உடல் பருமனான வயதான பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைப் படியேறவும் மற்றதைப் படியிறங்கவும் மட்டும் 12 வாரம் பழக்கினார்கள். கால் பலம், எலும்பின் அடர்த்தி, இன்சுலின் வேலை செய்யும் விதம் ஆகியவற்றில் இறங்கிய பிரிவினர்தான் கூடுதலாக முன்னேறினார்கள். மூச்சு வாங்காமல் கால்களுக்கு இவ்வளவு வேலை கொடுக்க முடிவது முதியவர்களுக்குப் பெரிய வரம். வயதாக ஆக, தூக்கும் பலம் குறைகிற அளவுக்குத் தாங்கி இறக்கும் பலம் குறைவதில்லை. மிச்சமிருக்கும் அந்தப் பலத்தைப் பிடித்துக்கொண்டுதான் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

இனி செய்முறை. தொடக்கத்துக்கு 3 முதல் 6 டிகிரி சரிவு போதும். 100 மீட்டருக்கு 5 முதல் 10 மீட்டர் இறங்கும் பாதை அது. செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து, நேரான ஒரு பலகையைப் பாதையில் வைத்து, அதன்மேல் போனை வைத்தால் டிகிரி தெரிந்துவிடும். முதல் வாரம் இரண்டே நாள், ஒவ்வொரு நாளும் இறக்கம் மட்டும் மொத்தம் 5 நிமிடம். இரண்டு நாட்களுக்கும் நடுவே குறைந்தது 48 மணி நேரம், முதல் தடவையானால் 72 மணி நேரம் இடைவெளி வேண்டும். இரண்டாம் வாரம் 8 நிமிடம், மூன்றாம் வாரம் 12, பிறகு வாரத்துக்கு 3 அல்லது 4 நிமிடம் கூட்டி 30 நிமிடம்வரை போகலாம். சரிவு, நேரம், வேகம், முதுகுச் சுமை ஆகிய நான்கில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டுமே கூட்டுங்கள். ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டியவர்களுக்குத்தான் பெரும்பாலும் முட்டி வலி வருகிறது. வலி மூன்று நாளைத் தாண்டி நீடித்தால் அடுத்த முறை முந்தைய வாரத்தின் அளவுக்கே திரும்புங்கள். அடியோடு நிறுத்திவிட வேண்டாம்.

அடியைக் குட்டையாக வையுங்கள். சமதளத்தில் வைக்கும் அடியில் முக்கால் பங்கு போதும். நீட்டி வைக்கும்போது குதிகால் உடலுக்கு வெகு முன்னால் விழும், முழங்கால் விறைத்து நேராகும். அதிர்ச்சியைத் தசை வாங்காமல் மூட்டு வாங்கும். பாதம் தரையைத் தொடும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். பயத்தால் பலரும் உடலைப் பின்னால் சாய்க்கிறார்கள். அப்போது பாரம் குதிகாலுக்குப் பின்னே போய்விடும், வழுக்குவது அதனால்தான். உடல் கணுக்காலிலிருந்து மிக லேசாக முன்னோக்கியே இருக்கட்டும், பார்வை மூன்று, நான்கு மீட்டர் முன்னே. நடையின் சத்தத்தையும் கவனியுங்கள். 'தொப் தொப்' என்று கேட்டால் தசை தாங்கி இறக்கவில்லை, உடல் விழுகிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் இறங்க முடியாத சரிவு உங்களுக்கு இன்னும் அதிகம். பாதை அகலமாக இருந்தால் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து இறங்குங்கள்.

மேடு பள்ளம் இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு மாடிப்படி இருக்கிறது. லிஃப்ட்டில் மேலே போய்ப் படியில் இறங்குங்கள். முதல் நாள் மூன்று மாடி போதும். கைப்பிடியை இறுகப் பிடிக்க வேண்டாம், கை அதன்மேல் இருந்தால் சரி. கடைசிப் படிகளில் கவனம் சிதறும், பலர் விழுவது அங்கேதான். படிக்கட்டும் வசதிப்படாதவர்கள் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று நொடி எண்ணி இறக்கலாம். மேலே வரும்போது இரண்டு காலையும் பயன்படுத்துங்கள். காலுக்கு 8 முறை, இரண்டு சுற்று. நிற்கும் காலின் முட்டி உள்பக்கமாக மடங்கக் கூடாது, இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். கடைசி இரண்டு அங்குலத்தில் கால் தடாலென்று விழுந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள்.

ட்ரெட்மில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான இயந்திரங்கள் முன்பக்கம் உயரும், தாழாது. பின்காலுக்கு அடியில் கட்டை வைத்துச் சரிவு உண்டாக்குவது ஆபத்து. சட்டகம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஏற்றமாக வைத்த பட்டையில் பின்னோக்கி நடந்தால் இறங்குவதற்குச் சமம் என்று சில பயிற்சியாளர்களே சொல்லக் கேட்கிறோம். சரியல்ல. முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பட்டையில் நாம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஷூவில் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கணுக்கால் பக்கத்துத் துளைகளில் லேஸை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே சரியாது. சரிந்தால் விரல் மோதி நகம் கறுத்துவிடும். குதிகால் பக்கம் தேய்ந்த ஷூ இறக்கத்துக்கு ஆகாது. நீண்ட இறக்கத்துக்கு ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், சமதளத்தில் பிடிக்கும் நீளத்தைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் கூட்டி. கால் வைக்குமுன் கோல் ஊன்றப்பட வேண்டும். 25 டிகிரி சரிவில் செய்த அளவீட்டில், இரண்டு கோல்களும் முழங்காலின் மேல் விழும் பாரத்தை 12 முதல் 25 சதவீதம்வரை குறைத்தன.

வலி எங்கே என்பது முக்கியம். முன்தொடைச் சதையில் இரண்டு பக்கமும் சமமாக வலித்தால் அது பயிற்சியின் வலி. முட்டிச் சில்லைச் சுற்றி வலித்தால் அடி நீண்டுவிட்டது, அல்லது அளவு வேகமாகக் கூடிவிட்டது. முழங்காலின் வெளிப்பக்கத்தில், ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட சில நிமிடம் நடந்த பிறகே வருகிற சுருக்கென்ற வலி, தொடையின் வெளிப்பக்கப் பட்டை உறுத்துவதால் வருவது. இறக்கத்தை இரண்டு வாரம் நிறுத்தி, இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளைப் பலப்படுத்த வேண்டும். மூட்டு வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென நழுவினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

முன்னேற்றத்தைப் பார்க்க ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி எழுதிவைத்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். எண்ணிக்கையைவிட உட்காரும் விதத்தைப் பார்ப்பது நல்லது. பொத்தென்று விழாமல் மெதுவாக உட்கார முடிந்தால் பயிற்சி பலித்திருக்கிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இறக்கம் மட்டும் போதாது. ஏற்றத்துக்கோ வேகமான சமதள நடைக்கோ வாரத்தில் வேறு நாட்கள் ஒதுக்க வேண்டும்.

அண்மையில் முட்டி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், தலைச்சுற்றல் உள்ளவர்கள், எலும்பு மிகவும் தேய்ந்தவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மற்றவர்களும் கால் நடுங்கத் தொடங்கினால் உட்கார்ந்துவிடுங்கள். களைத்த தசை, கால் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாக உணர்த்தாது, மலைநடையில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். பழக்கமில்லாமல் நீண்ட இறக்கம் இறங்கிய ஓரிரு நாளில் தொடை கல்லாய் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது சாதாரணத் தசைவலி அல்ல. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட்டுகள் இருவர்