துணிச்சல் இருக்கிறது, கணக்கு இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில் மந்தமான நேரத்தில் ஒரு முதலாளிக்கு என்ன வேண்டும் என்று பேச்சு வந்தாலே துணிச்சலைத்தான் முதலில் சொல்கிறார்கள். திருப்பூரில் பவர்டேபிள் யூனிட்டுகளுக்கு, அதாவது பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னத் தையல் கூடங்களுக்கு, கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். துணிச்சலுக்கு இந்த ஊரில் என்றைக்கும் பஞ்சமில்லை. நகையை அடகு வைத்து நாலு மெஷின் போட்டவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. மந்தத்தில் தாக்குப்பிடித்தவர்களிடம் நான் பார்த்தது வேறு. தன் பீஸின் அடக்கச் செலவு என்ன என்று பைசா சுத்தமாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். கட்டாத ரேட்டுக்கு ‘முடியாதுங்க’ என்று சொல்லவும் தெரியும்.

வேலம்பாளையம் பக்கம் சின்ன யூனிட் வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். புது ஆர்டர் வந்தால் அவர் எடுத்த எடுப்பில் ரேட் பேச மாட்டார். ஒரு பண்டல் வெட்டின பீஸை வாங்கி வந்து, ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று ஒவ்வொரு தையல் மெஷினிலும் வரிசையாகத் தைக்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பார். அப்புறம் டெய்லர் கூலி, கைமடி ஆள் கூலி, செக்கிங், நூல், கரண்ட், வாடகை, வேன் செலவு எல்லாம் பீஸுக்கு எவ்வளவு விழுகிறது என்று நோட்டில் எழுதுவார். உடைகிற ஊசிக்குக்கூட அதில் ஒரு வரி உண்டு.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, வெளிநாட்டு பையர் கேட்ட தள்ளுபடி அப்படியே கீழே இறங்கி ஜாப் ஒர்க் செய்பவர் தலையில் வந்து உட்கார்ந்தது. ‘மெஷின் சும்மா நிற்கிறதுக்கு ஓடட்டுமேக்கா, ரேட்டைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க’ என்று இவரிடமும் கேட்டார்கள். கூலியும் கரண்டும் தேறி வாடகையில் மட்டும் கொஞ்சம் இடித்தால், சில மாதம் அப்படி ஓட்டலாம். கூலியே தேறாத ரேட்டில் ஓட்டினால் ஓட ஓடக் கடன்தான். அக்கா நோட்டைப் பார்த்தார், மறுத்துவிட்டார். உள்ளூர்ச் சரக்கு போடும் ஒரு பார்ட்டியிடம் தீபாவளி வேலை பிடித்தார். ரேட் அதைவிடக் குறைவு. ஆனால் சாதாரண ரவுண்ட் நெக், ஒரு ஷிப்டில் நிறைய பீஸ் விழும். அதனால் கட்டியது. இந்த வித்தியாசம் நோட்டு எழுதுகிறவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, கெட்ட செய்தியை முந்திக்கொண்டு சொல்வது. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, சாயத்துக்குப் போன துணி திரும்பாமல் தையல் யூனிட்டுகளும் முடங்கின. சனிக்கிழமை முழுச் சம்பளம் போட முடியாது என்று புதன்கிழமையே டெய்லர்களைக் கூப்பிட்டுச் சொன்னவர்களிடம் பெரும்பாலும் ஆள் நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் போனை அணைத்து வைத்தவர்களுக்குத் திங்கட்கிழமை ஆள் வரவில்லை. வங்கியிலும் அதே கதைதான். தவணை 90 நாள் தாண்டி நிலுவையில் நின்றால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். அதற்கு முன்னால் போய்ப் பேசினால் தவணையை மாற்றிக் கேட்க வழி இருக்கிறது. வாராக்கடன் ஆனபின் கேட்டால் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆனால் இத்தனை குணமும் இருந்து, செய்த வேலைக்குப் பணம் வராவிட்டால் என்ன செய்ய? எனக்கு ஆதங்கம் இதில்தான். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கெடு தாண்டி நிற்கும் தொகையை, வேலை வாங்கிய கம்பெனி அதைக் கொடுக்கிற ஆண்டில்தான் செலவுக் கணக்கில் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் 2023-இல் திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் நான் எழுதும் கணக்குகளில் நாலு மாதம், ஐந்து மாதம் நிற்கும் பில்கள் உண்டு. இதற்கென்று இருக்கும் அரசு இணையதளத்தில் புகார் போடலாமே என்றால், ‘அடுத்த ஆர்டர் நீயா தருவே?’ என்று என்னையே கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது.

அதனால் இரண்டு வேண்டுகோள். இந்தச் சட்டத்தையும் புகார் போடும் முறையையும் எளிய தமிழில் உங்கள் பத்திரிகை தொடர்ந்து எழுத வேண்டும். மாவட்டத் தொழில் மையம், பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியே விடாமல், பணம் நிறுத்தி வைக்கும் கம்பெனிகளை அழைத்துப் பேச ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். தீபாவளி போனஸ் கேட்டு டெய்லர்கள் வந்து நிற்பதற்கு முன்னால் இது நடந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருப்பூர்.