பணம் கேட்டு வரும் வாட்ஸ்அப் செய்திகள் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நம் பெற்றோர் சிலருக்குப் புது எண் ஒன்றிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கிறது. முகப்பில் நம் பங்குத்தந்தையின் படம். கூட்டத்தில் இருப்பதாகவும், போனில் பேச முடியாது என்றும், ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு குழந்தைக்காக ஐயாயிரம் ரூபாய் உடனே அனுப்பும்படியும் அதில் இருந்தது. அனுப்பியவர் ஃபாதர் இல்லை. ஒரு தாய் பணம் போடுவதற்கு முன் ஆபீசுக்குப் போன் செய்ததால்தான் விஷயமே தெரிந்தது. கேட்கவே அவருக்குத் தயக்கம். “ஃபாதரைச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடுமோ, சிஸ்டர்?” என்றார்.

இந்தத் தயக்கத்தை நம்பித்தான் ஏமாற்றுக்காரர்கள் கோயில் பள்ளிகளைத் தேடி வருகிறார்கள். ஆகவே வெளிப்படையாகவே சொல்கிறேன். என் பெயரில் வந்தாலும் சரி, ஃபாதர் பெயரில் வந்தாலும் சரி, ஆயர் இல்லத்தின் பெயரில் வந்தாலும் சரி, பணம் கேட்கும் செய்தியை நம்பாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். ராத்திரி ஒன்பது மணியானாலும் பரவாயில்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். பள்ளிக்குக் கட்ட வேண்டியது எதுவானாலும் ஆபீசில் நேரில் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை வந்திருக்கிறது என்று சொல்லும் போன்களும் இதே ரகம்தான். பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொன்னாலும் அசராதீர்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். தேயிலை போட்ட பணம் கணக்கில் விழுந்த மறுநாளே கணக்கு காலியானால் அந்த மாதம் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ‘ஏபிகே’ என்று முடியும் ஃபைல் வந்தால் தொடவே வேண்டாம். அதைப் போனில் ஏற்றிவிட்டால், உங்களுக்கு வரும் ஓடிபி அவர்கள் கைக்கும் போய்விடும். மீறிப் பணம் போய்விட்டால், அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற அரசின் சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால் வங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு.

பள்ளிப் பக்கத்தில் நாங்கள் செய்வதையும் சொல்ல வேண்டும். நம் ஆபீசில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் ஓடும் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட் இனி வராது. புதுசு வாங்கப் பணம் இல்லை. எமிஸ் என்ற அரசின் பள்ளி விவர இணையதள வேலையெல்லாம் பிரவுசரிலேயே முடிந்துவிடுவதால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறுகிறோம். கூடலூர் தாண்டினால் கேரளப் பள்ளிகளில் பல வருடங்களாக இப்படித்தான் நடக்கிறது, நம்மாலும் முடியும்.

மதிப்பெண், மாற்றுச் சான்றிதழ் விவரங்களை இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுக்கிறோம். வேலை முடிந்ததும் இரண்டையும் கழற்றிவிடுவோம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், செருகியே இருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒரு டிஸ்க் பங்கு இல்லத்துப் பீரோவில் இருக்கும். நம் நீலகிரியில் நடந்த 2009 நவம்பர் நிலச்சரிவை மறக்காதவர்களுக்கு ஏன் என்று புரியும்.

ஆதார் நகலை இனி வகுப்புக் குழுவில் போடாதீர்கள். நேரில் காட்டினால் போதும். புதுநன்மை, ஆண்டு விழாப் படங்களில் பிள்ளைகளின் பெயரும் வகுப்பும் சேர்த்துப் பொதுவில் போடுவதையும் நிறுத்துகிறோம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கச் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டிருக்க வேண்டியதுதான். அதற்கான சீட்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. விருப்பமில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். அதனால் பிள்ளைக்கு எந்தக் குறையும் வராது. வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது ஓடிபியோடு உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பின் எண்ணையும் கேட்கும் பூட்டை, எப்படிப் போடுவது என்று அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒவ்வொருவர் போனிலும் காட்டித் தருகிறோம். பிள்ளைகளை வைத்து மெசேஜ் படிக்கிறவர்கள் கட்டாயம் வர வேண்டும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். போனை வீட்டிலேயே சார்ஜ் போட்டுவிடுங்கள். மழை நாளில் மதியத்துக்கு மேல் இங்கே கரண்ட் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியை
கோத்தகிரி