எந்த 'வெளியேறுதல்'?

ஆசிரியருக்கு வணக்கம்.

'மக்கள் ஒருமுறை தீர்ப்புச் சொன்ன பிறகு மறுபடி கேட்பது முறையல்ல' என்கிறது பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியது பற்றிய தங்கள் தலையங்கம். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதில்தானே வம்பே இருந்தது?

2016 ஜூன் 23 வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டே கட்டங்கள். நீடிக்க 48.1 சதவீதம், வெளியேற 51.9. வெளியேறியபின் பொதுவான இறக்குமதி வரி கொண்ட சுங்க ஒன்றியத்தில் இருப்பதா, நார்வே போல சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தையில் ஒட்டிக்கொள்வதா, அடியோடு அறுத்துக்கொள்வதா? அதற்கெல்லாம் சீட்டில் கட்டம் கிடையாது. வெளியேறச் சொன்ன 1.74 கோடிப் பேரையும் ஒவ்வொரு அணியும் தன் ஆளாகவே கணக்கு காட்டியது. விளைவு, 2019 ஜனவரியில் பிரதமர் தெரசா மே கொண்டுவந்த வெளியேறும் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவு 202, எதிர்ப்பு 432.

அயர்லாந்தைக் காட்டி, 'ஆமாம் என்று சொல்லும்வரை கேட்பார்கள்' என்று கேலி செய்வது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தத்தை அங்கே 2008-இல் 53.4 சதவீதம் பேர் நிராகரித்தார்கள், 2009-இல் 67.1 சதவீதம் பேர் ஏற்றார்கள். ஒப்பந்த வாசகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் நாட்டுக்கொரு ஆணையர் தொடர்வார், வரி, ராணுவ நடுநிலை, கருக்கலைப்புச் சட்டம் ஆகியவற்றில் கைவைக்க மாட்டோம் என்ற உறுதிமொழிகள் இடையில் வந்தன. வாக்களித்தோர் விகிதமும் 53-லிருந்து 59 ஆனது.

பிரிட்டனில் மறுவாக்கெடுப்பு கேட்டவர்களிடமும் ஓட்டை இருந்தது. ஒப்பந்தத்தோடு வெளியேறுதல், ஒப்பந்தமின்றி வெளியேறுதல், நீடித்தல் என மூன்றையும் ஒரே சீட்டில் போட்டு, அதிக வாக்கு வாங்கியது வெற்றி என்றால், வெளியேறுவோர் வாக்கு இரண்டாகப் பிரியும். 40 சதவீதத்தில் 'நீடித்தல்' ஜெயிக்கும். தோற்றவர்கள் விடுவார்களா? நியூசிலாந்து தேர்தல் முறையை மாற்றியபோது இதை இரண்டு படியாகப் பிரித்தது. 1992-இல் மாற்றம் வேண்டுமா, வேண்டுமென்றால் நான்கில் எது என்று கேட்டார்கள். அதில் முந்திய கலப்பு விகிதாசார முறைக்கு (தொகுதி உறுப்பினர்களோடு, கட்சி வாங்கும் வாக்கு விகிதத்துக்கேற்பவும் இடம் தருவது) முழுச் சட்டத்தையும் முதலில் நிறைவேற்றி வைத்துவிட்டு, 1993-இல் பழையதா, இதுவா என்று கேட்டார்கள். 53.9 சதவீதம் ஆதரித்ததும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாக்களித்தவருக்குத் தான் எதை வாங்குகிறோம் என்று தெரியும்.

'நேரமில்லை' என்ற வாதமும் நிற்காது. சட்டம் இயற்ற, கேள்வியின் வாசகத்தைச் சோதிக்க, பத்து வாரம் பிரசாரம் செய்ய என எல்லாம் சேர்த்து 22 வாரமாவது வேண்டும் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2018-லேயே கணக்குச் சொன்னார்கள். வெளியேறும் ஒப்பந்தத்தை மக்களிடம் வாக்குக்கு அனுப்பும் தீர்மானம் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 2019 ஏப்ரல் 1 அன்று 280-க்கு 292 என்று தோற்றது. ஒன்பது நாள் கழித்து வெளியேறும் கெடுவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தந்த நீட்டிப்பு அக்டோபர் 31 வரை, அதாவது 29 வாரம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி