அப்பாவுக்கு, தோட்டத்துப் பலகை பற்றி

ரெடிங், இங்கிலாந்து
ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியிடம் சொல்லி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

"மழை பெய்யுற ஊர்ல வெட்டவெளியில யாராவது மரத்தைப் பரப்புவாங்களாம்மா?" என்று போனில் கேட்டீர்கள். அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மர விஷயம் என்றால் உங்களிடம் அரைகுறையாகப் பேச எனக்கு மனசு வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது சின்னப் புல்தரை. அக்டோபரில் நனைந்தால் மார்ச் வரை சொதசொதப்பு போகாது. பிள்ளைகள் கால் வைத்தால் சேறு வீடு வரைக்கும் வரும். கல் பாவலாம் என்றால் தோட்டம் கதவிலிருந்து சரிவாக இறங்குகிறது. மண்ணை நிரவி ஜல்லி கொட்டி மட்டம் பார்ப்பது பெரிய செலவு. சட்டம் அடித்து மேலே பலகை பரப்பினால் சரிவைச் சட்டத்தைத் தாங்கும் கால்களின் உயரத்திலேயே சரிக்கட்டிவிடலாம். இதைத்தான் இங்கே டெக் என்கிறார்கள். தரையிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் உயராமலும் தோட்டத்தில் பாதியை அடைக்காமலும் இருந்தால் பொதுவாகக் கவுன்சில் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பலகையில் இரண்டு வகை. ஒன்று நிஜ மரம். இன்னொன்று காம்போசிட்: மரத்தூளை உருக்கிய பிளாஸ்டிக்கோடு கலந்து அச்சில் தள்ளி எடுப்பது. உங்கள் மாப்பிள்ளைக்குக் காம்போசிட் மேல் ஆசை. நான் யார் மகள் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். சென்னையில் வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டன் பக்கம் 600 சொச்சம்தான். ஆனால் நம் ஊரில் கொட்டித் தீர்த்துவிட்டு மறுநாளே சுள்ளென்று காயும். இங்கே தூறல் நாள் கணக்கில் விடாது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், பகலிலும் சூரியன் எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் ஏறாது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தங்கினால்தான் பூஞ்சை பிடிக்கும். அது தங்குவதற்கு ஏற்ற ஊர் இது. நீங்கள் கரையானோடு மல்லுக்கட்டினீர்கள். இங்கே கரையான் கிடையாது, ஈரத்தோடுதான் சண்டை.

கடைகளில் மலிவாகக் கிடைப்பது ஸ்கேண்டிநேவியா, பால்டிக் பக்கத்துப் பைன். தேக்கு மாதிரி வைரம் பாய்ந்த மரம் இல்லை. அதனால் பெரிய இரும்பு உருளைக்குள் பலகைகளை அடுக்கி, காற்றை உறிஞ்சிவிட்டு, செம்பு கலந்த மருந்தை அழுத்தத்தில் உள்ளே ஏற்றுகிறார்கள். பலகை லேசாகப் பச்சையடித்திருப்பது அதனால்தான். முன்பு அந்த மருந்தில் ஆர்சனிக்கும் இருந்தது. 2004-லிருந்து ஐரோப்பாவில் வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் புரளும் இடம் என்பதால் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் நிம்மதியானேன்.

நீடித்து உழைக்கும் கடினமரமும் உண்டு. பிரேசிலிலிருந்து வரும் ஈப்பே என்ற மரத்துக்கு நல்ல பெயர். அமேசான் காட்டில் கண்மண் தெரியாமல் வெட்டியதால் 2024 நவம்பரிலிருந்து அதன் உலக வணிகத்தையே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் வீட்டு முற்றத்துக்காக அந்தக் காடு அழிய வேண்டாம் என்று அதை விட்டுவிட்டோம். அக்கோயா என்று இன்னொன்று இருக்கிறது, கேட்டால் ரசிப்பீர்கள். சாதாரணப் பைனை அசெட்டிக் அன்ஹைட்ரைடு என்ற ரசாயனத்தில் ஊறவைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். அறுக்கும்போது வினிகர் வாசனை வரும். தரையில் படாமல் வைத்தால் 50 வருஷ உத்தரவாதம். விலைதான் நமக்கு எட்டாது.

காம்போசிட்டைக் குறை சொல்லியே எழுதினால் அது நியாயமாகாது. எண்ணெய் பூச வேண்டாம், காலில் சிராய் ஏறாது. ஆரம்ப காலத்துப் பலகைகள் ஓரத்தில் ஈரம் குடித்து உப்பின. இப்போது சுற்றிலும் பிளாஸ்டிக் உறை போட்டு வருகிறது, அது எவ்வளவோ மேல். ஆனால் விலை சாதாரணப் பைன் பலகையைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. ஆழமாகக் கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க முடியாது, இழைக்கவும் முடியாது. ஆயுள் முடிந்தபின் மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் பிரித்தெடுப்பதும் லேசில்லை.

நீங்கள் கவனிக்கக்கூடிய வித்தியாசம் ஒன்று சொல்கிறேன். மரம் ஈரத்துக்கு அகலவாக்கில் உப்பும். காம்போசிட் வெயிலுக்கு நீளவாக்கில் நீளும். அதனால் பலகையின் நுனியில் இடைவெளி விட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முட்டிக்கொண்டு வளைந்துவிடும். அடர்நிறப் பலகை என்றால் சூடும் நன்றாக ஏறும். 2022 ஜூலையில் இந்த நாட்டிலேயே 40 டிகிரியைத் தாண்டியது. அப்படி ஒரு நாளில் வெறுங்காலோடு அதில் நடக்கவே முடியாது. அம்மா செருப்பில்லாமல்தான் நடப்பாள் என்பது எனக்குத் தெரியாதா?

ஆக, பலகையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தோட்டம் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்களுடையது தெற்கு. கிடைக்கிற வெயில் முழுக்க இதன் மேல்தான் விழும், மரம் சீக்கிரம் உலரும். அதனால் எங்களுக்கு மருந்தேற்றிய பைன் பலகைதான் என்று முடிவு செய்தோம். எதிர்வரிசையில் இருக்கும் சிநேகிதியின் தோட்டம் வடக்கு. வீட்டு நிழல் வருஷத்தில் பாதி நாள் விலகாது. அவள் காம்போசிட் போட்டிருக்கிறாள். அவளுக்கு அதுதான் சரி, நானும் அதையேதான் சொன்னேன். அங்கேயும் குளிர்காலத்தில் மேலே பாசி படியத்தான் செய்கிறது, ஆனால் பலகை மக்காது.

இன்னொன்று, மேலே எதைப் போட்டாலும் அடியில் பெரும்பாலும் மரச்சட்டம்தான். இதை விற்பவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. மேலே கால் நூற்றாண்டு உத்தரவாதப் பலகையைப் பரப்பிவிட்டு அடியில் தரக்குறைவான சட்டத்தை வைத்தால் என்ன பிரயோஜனம்? மண்ணைத் தொடும் இடத்துக்கு யூஸ் கிளாஸ் 4 என்று முத்திரை உள்ள மரம் வேண்டும். 3 என்பது தரைக்கு மேலே நிற்பதற்குத்தான். அறுத்த முனையிலெல்லாம் மருந்தைத் திரும்பப் பூச வேண்டும், ஏனென்றால் மருந்து மரத்தின் நடு வரைக்கும் இறங்கியிருக்காது. காம்போசிட் வாங்காமல் மிச்சம் பிடித்த பணத்தைச் சட்டத்தில் போடலாம் என்று சொன்னதும் உங்கள் மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். நீங்கள் கதவு செய்யும்போது நிலைக்குத்தானே நல்ல மரத்தை முதலில் ஒதுக்குவீர்கள், அதைச் சொன்னேன்.

சட்டங்களை 40 செ.மீ.க்கு ஒன்றாக வைக்கிறோம். தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கப் போட்டிருக்கும் ஈரத்தடுப்பு வரிக்கு 15 செ.மீ. கீழே தளம் நிற்கும். சுவரடியில் காற்றோட்டத்துக்கு விட்டிருக்கும் துளைச் செங்கல்களை அடைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பலகையும் வழுவழுப்பானதுதான் எடுத்தோம். வரிவரியாகப் பள்ளம் வெட்டியது வழுக்காது என்று நிறையப் பேர் வாங்குகிறார்கள். அந்தப் பள்ளத்தில் தண்ணீரும் சருகும் தேங்கிப் பாசிதான் வளரும். வருஷத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி எண்ணெய் பூசும் வேலை இருக்கிறது. அதைச் செய்ய எனக்குச் சந்தோஷம்தான். பிள்ளைகளும் மரத்தைத் தொட்டு வேலை செய்யப் பழகட்டும்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. மருந்தேற்றிய பலகை ஈரத்தோடுதான் வந்து இறங்குமாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே 5 முதல் 8 மி.மீ. இடைவெளி விடச் சொல்கிறார்கள் இங்கே. ஈரப் பலகை காய்ந்தால் இன்னும் சுருங்குமே, அப்படியானால் 5 போதுமா? அப்புறம், வெட்டுமுகத்தில் தெரியும் வளையங்களின் வளைவு மேல்நோக்கி இருக்க வேண்டுமா, கீழ்நோக்கியா? இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் சொல்வதைத்தான் செய்யப்போகிறேன். மே மாதம் மரம் வந்துவிடும், அதற்குள் தம்பியிடம் சொல்லியாவது பதில் அனுப்பிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்