முதலில் மூடி, பிறகு ரிப்பன்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை நிரந்தரமான செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். மழை ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் நான்கு மணியானால் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, செம்பனைக் காட்டுப் பாதையெல்லாம் சேறு. கெடாவில் உங்கள் பீடோங் பக்கமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தத் தீபாவளிக்குக் கடையில் வாங்காமல் நீயே பிஸ்கட்டும் கேக்கும் சுட்டு இருபது வீட்டுக்குக் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். ரிப்பன் எவ்வளவு வேண்டும், ஜன்னல் வைத்த பெட்டி நல்லதா என்று கேட்டிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் ரிப்பன் கடைசியில்தான் வரும். மூடி சரியில்லாத பாலாங்குக்கு, அதாவது பிஸ்கட் அடைக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கு, எவ்வளவு அழகாக ரிப்பன் கட்டினாலும், திறக்கும்போது உள்ளே நமுத்துப்போன பிஸ்கட்தான் இருக்கும்.

காரணம் நம் ஊர்க் காற்று. நன்றாகச் சுட்டு இறக்கிய மொறுமொறு பிஸ்கட்டில் ஈரம் 2 முதல் 4 விழுக்காடுதான் இருக்கும். வெளிக்காற்றின் ஈரப்பதமோ பெரும்பாலான நேரம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. அதனால் பிஸ்கட் சும்மா இருந்தாலே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போதாக்குறைக்குத் தீபாவளி வருவதே மேற்குக் கரையில் மழை கூடுகிற அக்டோபர், நவம்பரில். பலர் விடியற்காலையில் எழுந்து பாலாங்கில் அடுக்குகிறார்கள். ஒரு நாளில் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும் நேரம் அதுதான். மழை இல்லாத நாளில் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள் அடுக்கு. ஏர்கோண்ட் அறை இருந்தால் இன்னும் நல்லது, அதன் காற்று வறண்டிருக்கும்.

ஆறவைப்பதில்தான் பாதிப் பலகாரம் கெடுகிறது. தொட்டால் சுடவில்லை என்பது போதாது. நடுவில் வெதுவெதுப்பு மிச்சமிருந்தாலும், மூடியதும் அந்த ஆவி மூடியின் உட்புறத்தில் வேர்த்துத் திரும்பப் பிஸ்கட் மேலேயே சொட்டும். தட்டிலேயே விட்டால் அடிப்பக்கம் வேர்க்கும், ஆகவே கம்பித்தட்டில் ஆறவை. சின்ன பிஸ்கட்டுக்கு 1 மணி நேரம், பினேப்பிள் டார்ட்டுக்கு உள்ளே ஜாம் சூட்டைப் பிடித்துவைத்திருப்பதால் 2 மணி நேரம், பட்டர் கேக்குக்கு 4 மணி நேரம் கணக்கு வைத்துக்கொள். அதற்காக இரவு முழுக்கத் திறந்தும் வைக்காதே. ஆறியதும் மூட வேண்டும். நமுத்துவிட்டால் 150 டிகிரி பேக்கிங் அடுப்பில் 5 முதல் 8 நிமிடம் வைத்து எடுத்து மறுபடி ஆறவைக்கலாம். சாக்லேட் பூசியது, ஐசிங் சீனி தூவியது ஆகியவற்றுக்கு இந்த வைத்தியம் ஆகாது.

பாலாங் வாங்கும்போது மூடியைக் கழற்றி உட்பக்கம் பார். மெல்லிய நுரை வட்டமோ ரப்பர் வளையமோ இருந்தால் எடு. வெறும் பிளாஸ்டிக் மூடி என்றால் அரைச் சுற்றில் இறுகுகிறதா, சாய்ந்து உட்காருகிறதா என்று திருகிப் பார். அடியில் பிளாஸ்டிக் ரகத்தைக் காட்டும் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும் தெளிவான போத்தல்தான் பிஸ்கட்டுக்குப் பொதுவாக விற்பது. 5 போட்டதும் நல்லதுதான். சூட்டோடு எதையும் 1 போட்ட பாலாங்கில் கொட்டாதே, நெளிந்துவிடும்.

மூடியைச் சுற்றி டேப் ஒட்டும்போது மூடி இறுகுகிற திசையிலேயே, அதாவது கடிகாரம் சுற்றும் பக்கமாக இழுத்து ஒட்டு. எதிர்ப்பக்கம் இழுத்தால் ஒட்டும்போதே மூடி அரை மயிரிழை தளர்ந்துவிடும். வெளியே தெரியாது, எறும்புக்குத் தெரியும். டேப் முனையில் 1 செ.மீ. மடித்துவிட்டால் வாங்குகிறவர்கள் நகத்தால் சுரண்ட வேண்டாம்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா என்று கேட்டாய். மொறுமொறு பிஸ்கட்டுக்குப் போடலாம், 1 லிட்டர் பாலாங்குக்கு 1 கிராம் பொட்டலம் இரண்டு. ஆனால் 1 கிராம் சிலிக்கா தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைத்தான் பிடிக்கும். மூடும்போது உள்ளே மாட்டிய ஈரத்தை அது வாங்கும், மூடி வழியே நாள் முழுக்க நுழைகிற ஈரத்தை அதனால் தாங்க முடியாது. நீல நிறத்தில் மணி மணியாக இருப்பதை வாங்காதே, ஈரம் பட்டால் நிறம் மாறுவதற்காக அதில் சேர்க்கும் கோபால்ட் உப்பு நச்சு. உணவுக்கென்று எழுதிய வெள்ளைப் பொட்டலமே போதும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் போகிற பாலாங்கில் அதையும் போடாமல் விடுவது என் வழக்கம். கேக்குக்கு அறவே கூடாது, கேக்கைக் காயவைத்துவிடும்.

எதை எதோடு சேர்க்கலாம் என்பதுதான் அழகைவிடப் பெரிய கேள்வி. ஒரே பெட்டியில் கேக்கும் பிஸ்கட்டும் வைத்தால் பார்க்க நிறைவாக இருக்கும். இரண்டே நாளில் கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய், அது காய்ந்து இது நமுத்து இரண்டும் கெட்டுவிடும். ஒரே பெட்டிதான் வேண்டும் என்றால் பிஸ்கட்டைத் தனிப் பையில் வாய் மூடி ஒட்டிய பிறகு கேக் பக்கத்தில் வை. ஓமப்பொடி, முறுக்கு இவற்றையும் நெய் பிஸ்கட்டோடு போடாதே. நெய்யும் பட்டரும் வாசனையை வாரி இழுத்துக்கொள்ளும், இரண்டாம் நாள் சுஜி (ரவை) பிஸ்கட்டில் ஓமம் மணக்கும்.

பினேப்பிள் டார்ட்டுக்கு ஜாமைக் கிண்டும்போதே பெட்டியை நினைக்க வேண்டும். ஜாம் வாணலியில் ஒட்டாமல் திரண்டு, உருட்டினால் கையில் பிசுபிசுக்காமல் நிற்க வேண்டும். தளதளவென்று இருக்கும்போதே இறக்கினால் அந்த ஈரம் மாவுக்குள் இறங்கி அடிப்பக்கம் குழையும், ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஜாம் வெளியே தெரிகிற டார்ட்டை இரண்டு அடுக்குக்கு மேல் அடுக்காதே. அடுக்குக்கு நடுவே பேக்கிங் தாள் வெட்டிப் போடு. சாதாரண வெள்ளைத்தாள் ஜாமில் ஒட்டிக்கொண்டு உரியும்.

சுஜி பிஸ்கட், நெய் பிஸ்கட் ரகம் தொட்டாலே உதிரும். ஒவ்வொன்றையும் சின்னக் காகிதக் கப்பில் உட்காரவைத்துத்தான் அடுக்க வேண்டும். கப் பிஸ்கட்டைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான் அகலமாக இருக்கலாம், அதற்கு மேல் போனால் உள்ளேயே ஆடி உடையும். அடுக்கி முடித்ததும் மேலே இடைவெளி இருந்தால் பேக்கிங் தாளைக் கசக்கி வைத்து மூடி, காதருகே வைத்து மெல்லக் குலுக்கிப் பார். சத்தம் கேட்டால் இன்னும் கொஞ்சம் தாள் வை. ஐசிங் சீனி தூவுவதாக இருந்தால் முழுக்க ஆறிய பிறகு தூவு, சூட்டில் சீனி கரைந்து பிசினாகிவிடும்.

பட்டர் கேக், சுஜி கேக் இரண்டுக்கும் ஒரே முறைதான். ஆறியதும் பேக்கிங் தாளில் சுற்றி, அதன் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றிப் பெட்டியில் வை. 18 செ.மீ. கேக்குக்கு 20 செ.மீ. பெட்டி சரியாக இருக்கும். அடிஅட்டையின் கீழே இருபக்க டேப் ஒட்டிவிட்டால் காரில் போகும்போது நகராது. நம் வெப்பத்தில் பட்டர் கேக்கை 3 நாளுக்குள் சாப்பிடச் சொல், வாழைப்பழக் கேக் என்றால் 2 நாள். ஐஸ்பெட்டியில் வைத்த பலகாரத்தை எடுத்தவுடன் பிரிக்கக் கூடாது. மூடியபடியே அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால், வேர்க்கிற தண்ணீர் பெட்டிக்கு வெளியேயே நின்றுவிடும்.

இனி உன் ஜன்னல் பெட்டிக்கு வருகிறேன். பழுப்பு அட்டைப் பெட்டி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அட்டை ஈரத்தைத் தடுக்காது, எண்ணெயையும் உறிஞ்சிக் கறை காட்டும். ஆகவே அதைச் சட்டையாக மட்டும் வைத்துக்கொள். உள்ளே பிளாஸ்டிக் பையில் வாய் ஒட்டிய பிஸ்கட் இருக்கட்டும். சூடு வைத்து ஒட்டும் இயந்திரத்துக்குப் பிபி (பாலிபுரொப்பிலீன்) பிளாஸ்டிக் பை வாங்கு. பளபளவென்று சரசரக்கும் ஓபிபி பை பல ரகத்தில் சூட்டுக்குச் சுருங்கிவிடும், அதற்குப் பசை வாய் வைத்ததுதான் பொருத்தம். ஒட்டும் கோட்டில் ஒரு துளி நெய்யோ தூளோ இருந்தால் அங்கே பிடிக்காது. ஒரு காலிப் பையைக் காற்றோடு ஒட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார், குமிழி வந்தால் இன்னும் ஒரு விநாடி கூட்டிவை. ஸ்டேப்ளர் முள் வேண்டவே வேண்டாம், உணவில் விழும். நாளிதழை உள்ளே விரிப்பதும் வேண்டாம், மை எண்ணெயில் இறங்கும்.

ரிப்பனுக்குக் கணக்கு இதுதான். 20 செ.மீ. சதுரம், 8 செ.மீ. உயரப் பெட்டியைக் குறுக்கும் நெடுக்கும் சுற்ற 112 செ.மீ., முடிச்சுக்கும் பூவுக்கும் 60 செ.மீ., மொத்தம் 172 செ.மீ. கடையில் விற்கும் 25 கெஜ உருளை சுமார் 22.9 மீட்டர், அதில் 13 பெட்டி கட்டலாம். ஒரே சுற்றோடு நிறுத்தினால் பெட்டிக்கு 116 செ.மீ., அப்போதும் 19 பெட்டிதான் வரும். உன் இருபதாவது வீட்டுக்காரரை என்ன செய்வது என்று நீயே முடிவு செய்!

பழைய சேலைத் துணியில் முடிந்து கொடுக்கலாம் என்ற உன் யோசனை எனக்கு ரிப்பனைவிடப் பிடித்திருக்கிறது. இதே பெட்டிக்கு 80 செ.மீ. சதுரத் துண்டு வெட்டி, பெட்டியை நடுவில் மூலைக்கு மூலை வைத்து முடி. ஆனால் அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்த சேலை என்றால் துவைத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகும் முகர்ந்து பார். அந்த வாசம் அட்டையைத் தாண்டி நெய்யில் ஏறும். பாண்டான் இலை, மல்லிகைச் சரம் இவற்றைப் பெட்டி மேல் செருகுவதானால் கொடுக்கிற நேரத்தில் செருகு, உள்ளே வைக்காதே.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பார்த்தும் சில மாற வேண்டும். மலாய்க்காரர் வீட்டுக்குப் போகிறதில் ரம் எசென்ஸ் கூடாது என்பது தெரிந்ததுதான். முட்டை பூசும் தூரிகையைப் பலர் கவனிப்பதில்லை. வெள்ளை மயிர்த் தூரிகை பன்றி மயிராக இருக்கலாம். பன்றி, நாய் சார்ந்த பொருள்களை அப்படியே எழுதி விற்க வேண்டும் என்று 2013இல் ஆணையே வந்திருக்கிறது. சிலிக்கோன் தூரிகைக்கு மாறிவிடு. நம்மவர்களுக்கு இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சிக்கல்: ஹலால் முத்திரை போட்ட மார்ஷ்மல்லோவில் மாட்டு ஜெலட்டின் இருக்கலாம். முத்திரையை மட்டும் பார்த்து வாங்கி அலங்காரத்துக்கு வைத்துவிடாதே. சீன நண்பர்களுக்கு வெள்ளை, கறுப்பு, நீலம் சுற்றாமல் சிவப்பு அல்லது தங்க நிறம் எடு, பாலாங் இரண்டாகக் கொடு, நான்காகக் கொடுக்காதே.

சின்ன லேபல் ஒன்று எல்லாவற்றிலும் ஒட்டு: பலகாரத்தின் பெயர், சுட்ட தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், கோதுமை, முட்டை, பால், கச்சான் (நிலக்கடலை), முந்திரி இவற்றில் எது இருக்கிறது என்ற விவரம். முட்டை சேர்க்காததற்குத் தனி நிறம் வைத்தால் சைவ வீட்டுக்குக் கை மாறிப் போகாது. மலாயிலும் எழுது. இதை விற்க ஆரம்பித்தால் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் கேட்கும் சேர்மானப் பட்டியல், நிகர எடை, தயாரித்தவர் பெயர், முகவரி எல்லாம் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் ஹலால் என்று நீயாக அச்சடிக்கக் கூடாது.

ஜொகூரில் இருக்கும் தம்பிக்குக் குரியரில் அனுப்புவதென்றால் டார்ட்டும் கேக்கும் வேண்டாம். கெட்டியான கச்சான் பிஸ்கட், பாதாம் பிஸ்கட் தாங்கும். பாலாங்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. தாள் திணித்து வெளிப்பெட்டியில் வை. ஒட்டிய பெட்டியை இடுப்புயரத்திலிருந்து பாய் மேல் ஒரு தரம் போட்டுப் பார், உள்ளே உடைந்தால் வழியிலும் உடையும். உங்கள் கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை, அங்கே சனி, ஞாயிறு. திங்கள்கிழமை அனுப்பினால் கிடங்கில் தூங்காது. சாக்லேட் பூசியதை மட்டும் அனுப்பாதே. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியில் உருகும், வெயிலில் நிற்கும் லோரிக்குள் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும்.

உன் இருபது வீட்டுப் பட்டியலையும் எந்த வீட்டுக்கு எந்தப் பலகாரம் என்பதையும் எழுதி அனுப்பு. பாலாங், கப், ரிப்பன் எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். பாலாங்கை இப்போதே வாங்கிவை, கடைசி வாரத்தில் நல்ல மூடி வைத்ததெல்லாம் தீர்ந்துவிடும். அண்ணனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வி