விலை குறைவு, மரியாதையுமா?

ஆசிரியருக்கு,

'இந்தக் காசுக்கு இவ்வளவுதான்' என்று, பயணிகளை மரியாதையின்றி நடத்தும் மலிவு விமான நிறுவனங்களுக்குப் பரிந்து பேசுகிறார்கள். கட்டணம் குறையக் காரணம் வேறு: ஒரே ரக விமானம், நெருக்கி அடுக்கிய 180 இருக்கைகள், இறங்கிய அரை மணி நேரத்தில் மறுபடி புறப்பாடு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு. இதில் எதற்கும் பயணியிடம் எரிந்துவிழ வேண்டியதில்லை.

விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதியும் டிக்கெட் விலை பார்த்து மாறுவதில்லை. இரண்டரை மணி நேரத்துக்குட்பட்ட பயணம் 2 மணி நேரம் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும். 6 மணி நேரம் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். ஓட்டை இருப்பது இழப்பீட்டில். ஒரு மணி நேரத்துக்குட்பட்ட குறுந்தூர விமானத்தை முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், டிக்கெட் பணம் போக ரூ.5,000 அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், இரண்டில் எது குறைவோ அதுதான். மலிவு டிக்கெட்டுக்கு மலிவு இழப்பீடு! வானிலை என்று சொல்லிவிட்டால் அதுவும் கிடையாது. ஆகவே காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, போர்டிங் பாஸ் படத்தோடு அரசின் விமானப் பயணிகள் புகார் தளமான 'ஏர்சேவா'வில் புகார் பதியுங்கள்.

கவுன்டரில் நிற்கும் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. ரத்து முடிவு அவர்களுடையதல்ல. விமானம் தரையில் நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் குப்பை பொறுக்கி, சீட் பெல்ட்டை மடித்து வைப்பதும் பல நிறுவனங்களில் விமானப் பணியாளர்கள்தான். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கவே 2024-இல் தனி விதி தேவைப்பட்டது. அடுத்து பணியாளர்களின் ஓய்வையும் டிஜிசிஏ கவனிக்கட்டும்.

– ஒரு வாசகர், மதுரை